கம்பி மட்டும்தான் வழியா?

ஜெர்மனியின் வடக்கே காற்று பலமாக வீசும் நாட்களில் ஒரு வேடிக்கை நடக்கும். அங்கே காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். தெற்கே எரிவாயு, நிலக்கரி நிலையங்களை ஓட்டச் சொல்வார்கள். மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. நிறுத்தியவருக்கும் பணம், ஓட்டியவருக்கும் பணம். 2023-ல் இப்படிச் சரிக்கட்ட ஆன செலவு சுமார் 300 கோடி யூரோ. 'நெட்ஸ்என்ட்கெல்ட்' என்று நம்ம பில்லில் வருகிற கட்டணத்தில் இதெல்லாம் அடக்கம்.

இதற்காக வருவதுதான் ஸூட்லிங்க்: சுமார் 700 கி.மீ. கேபிள். 2022-ல் முடிய வேண்டியது, 2028-க்குத் தள்ளிப்போய்விட்டது. அது தேவைதான், குளிர்கால வடகடல் காற்றுக்கு வீட்டு பேட்டரி ஈடாகாது. ஆனால் நம்ம தெருவில் வரும் நெரிசலுக்கும் அதே மருந்தா?

மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் காரை சார்ஜ் போட்டு, ஹீட் பம்ப்பையும் ஓட்டினால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறும். அந்தச் சில மணி நேரத்துக்காகத் தெருவையே தோண்டுவது, தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளுக்காக வீட்டையே இடித்துக் கட்டுவது மாதிரி. ஜெர்மனியில் 15 லட்சத்துக்கும் மேல் வீட்டு பேட்டரிகள் இருக்கின்றன. அவற்றிடம் அந்த நேரத்தை விலைக்கு வாங்கலாமே?

நியூயார்க்கில் செய்தார்கள். புரூக்ளின், குயின்ஸ் பகுதிக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவாகும் துணை மின்நிலையம் தேவைப்பட்டது. 2014-ல் கான் எடிசன் நிறுவனத்துக்கு 20 கோடி டாலரில் சிக்கனம், பேட்டரி, சோலார் என்று மாற்று வழி தேட அனுமதி கிடைத்தது. முக்கியமான விஷயம்: அந்தச் செலவுக்கும் நிறுவனம் லாபம் பார்க்கலாம் என்றார்கள்.

இங்கே சிக்கலே அதுதான். கேபிளில் போட்ட முதலுக்கு லாபம் உண்டு. பேட்டரிக்காரரிடம் வாங்கும் சேவை வெறும் செலவுக் கணக்கு. பிறகு எந்த நிறுவனம் கேபிளை விடும்? 2024 முதல் நடைமுறையில் உள்ள 14ஏ விதிப்படி, நெரிசலில் நம்ம சார்ஜரை 4.2 கிலோவாட் வரை குறைக்கலாம், பதிலுக்குத் தள்ளுபடி. நல்ல தொடக்கம். ஆனால் ஒரே நிறுவனத்தின் பகுதியில் நெரிசலான தெருவுக்கும் காலியான தெருவுக்கும் ஒரே தள்ளுபடி. இடத்துக்குத் தகுந்த விலை இல்லை.

"எனக்கு சொந்தக் கூரையே இல்லையே" என்று வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒதுங்க வேண்டாம். கேபிளுக்கான காசை நாமும்தான் கட்டுகிறோம். தோண்டாமல் விட்ட ஒவ்வொரு தெருவும் நம்ம பில்லிலும் மிச்சம். கேபிளுக்குக் கிடைக்கும் லாபம், கேபிளைத் தவிர்த்தாலும் கிடைக்கட்டும். ஆணையம் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.