தமிழில் ஒரு விளையாட்டு: முதலில் வெள்ளோட்டம், பிறகு அச்சு

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு நம்மில் பலருக்குப் புதிது. ஆடும் முறை எளிது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஆட்டத்தை நடத்துபவர் ஒரு நிலைமையை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்ற ஐயம் வருமிடத்தில் பகடை உருளும். கூடிக் கதைத்தே ஒரு கதையை நடத்திச் செல்வதுதான் ஆட்டம். இப்படியொன்றைத் தமிழில் ஆக்க விரும்பும் இளையோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விதிப்புத்தகத்துக்குப் படம் வரைவதும் அச்சகத்துக்குப் பணம் திரட்டுவதும் கடைசி வேலைகள். எழுதியவரை முன்பின் அறியாத ஐந்து பேர் அதை ஆடிப் பார்க்கும் மேசைதான் முதலில் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒரு சனசமூக நிலையம் ஒரு விடுமுறை நாளில் தன் மண்டபத்தைத் திறந்து விட்டால் அந்த மேசை கிடைத்துவிடும்.

இவ்வகை விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று. முதன்முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்; ஆண்டு 1974, முதற்பதிப்பு 1,000 பிரதிகள். ஆனால் அதன் விதிகள் அதற்கு முன்பே மேசைகளில் உரசி உரசித் தேறியவை. டேவ் ஆர்னசன் மினசோட்டாவில் தன் கூட்டாளிகளோடு ஆடிவந்த பிளக்மூர் என்ற ஆட்டத்தை 1972இன் பிற்பகுதியில் கேரி கைகக்ஸுக்கு நடத்திக் காட்டினார். கைகக்ஸ் தன் பிள்ளைகளையும் ஊர் நண்பர்களையும் வைத்து மீண்டும் மீண்டும் ஆடியே அதை நூலாக்கினார். அதே கைகக்ஸ் 1968இல் லேக் ஜெனீவா என்ற சிறு நகரத்தில், ஊர்த் தோட்டக்கலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய ஒன்றுகூடல்தான் ஜென் கொன். இன்று அது இண்டியானாபொலிஸில் எழுபதாயிரம் பேரைக் கூட்டுகிறது. 1975இல் பால்ட்டிமோரில் நடந்த முதலாவது ஒரிஜின்ஸ் ஒன்றுகூடலில் 'பயங்கரங்களின் கல்லறை' என்ற அவருடைய சாகசம் போட்டியாட்டமாக நடத்தப்பட்டது. அது நூலாக வந்தது 1978இல். இன்று பெரிதும் ஆடப்படும் ஐந்தாம் பதிப்பையும் 2012 முதல் பொதுமக்களிடம் கொடுத்து, இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிப் பார்த்த பிறகே 2014இல் வெளியிட்டார்கள். பணமும் பெயரும் உள்ள நிறுவனமே தன் எழுத்தை அப்படியே நம்பிவிடவில்லை.

நண்பர்களோடு ஆடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நண்பர்களுக்கு எழுதியவரின் மனம் தெரியும். விதியில் உள்ள ஓட்டையை அவர்கள் தங்களை அறியாமலே அடைத்துவிடுவார்கள். ஒன்றுகூடல் மேசையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஓர் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் நான்கு மணி நேரம்தான். பாத்திரங்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்து கையில் கொடுக்கப்படும். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் அன்றுதான் காண்பார்கள். எழுதியவர் செய்ய வேண்டியது, ஆட்டத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, கொப்பியும் பேனையுமாக ஓரத்தில் வாய்மூடி இருப்பது. ஆடுபவர் தன் பாத்திரத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், அவர் தேடும் எண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பகடை உருண்ட பின் எல்லோரும் நடத்துபவரின் முகத்தைப் பார்த்தால், விதி முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. இருவர் கதைத்துக்கொண்டிருக்க மூவர் கைபேசியை எடுத்தால், ஆட்டத்தின் முறை எல்லோரிடமும் சுற்றி வரவில்லை. இந்த இடங்களில் குறுக்கிட்டு விளக்கிவிட ஆசை வரும். அடக்கத்தான் வேண்டும், புத்தகம் விலைக்குப் போகும் வீட்டுக்கெல்லாம் அவர் கூடவே போக முடியாது. முடிவில் "நல்லா இருந்ததா?" என்று கேட்பதிலும் பயனில்லை. நம் ஊர்ப் பண்புக்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தீர்கள் என்று கேட்டால் பதில் வரும்.

தமிழில் ஆடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பாத்திரத் தாளில் வலிமைக்கும் மதிநுட்பத்துக்கும் எண் இருக்கும்; யார் யாரை எப்படி அழைப்பது என்று அதில் எழுத வேண்டிய தேவையே இல்லை. தமிழில் முதல் வாக்கியத்திலேயே அது வந்து நிற்கும். பதினேழு வயதுப் பிள்ளை அறுபது வயதுத் தோட்டக்காரராக ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் "நீ இப்ப வேலியடிக்குப் போறாய்" என்றால் அந்தக் கிழவர் அங்கேயே மறைந்து, பிள்ளைதான் மிஞ்சும். "ஐயா, இனி என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவருக்கும் அவரிடம் கதைக்க வாய் வரும். ஆகவே தமிழ்ப் பாத்திரத் தாளில் ஆர் உங்களை அண்ணை என்கிறார்கள், ஆருக்கு நீங்கள் மாமி, எவரோடு கதைவழி இல்லை என்பதற்கு இடம் வேண்டும். சண்டைக்குப் பகடை உருட்டும் விதியைவிட நம் மேசையில் அதிகம் வேலை செய்யப்போவது இதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுதும் அறையில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. மொழிபெயர்த்தாலும் கிடைக்காது. வயதும் உறவும் வேறுவேறான தமிழர் ஐவர் ஒரே மேசையில் இருந்தால்தான் தெரியவரும். கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் போன்ற ஒன்றுகூடல்கள் இருக்கையில் இங்கே தனியாக எதற்கு என்பவர்களுக்கும் இதுவே என் பதில். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய், வேறு மொழியில் ஆடுபவர்களிடம் இதைச் சோதிக்க இயலாது.

முன்னோட்டம் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. மட்டக்களப்பில் கூத்துப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்த பின்னரே அரங்கேற்றம். அதுவரை ஊர்ப் பெரியவர்கள் இருந்து குறை சொல்வார்கள், அண்ணாவியார் திருத்துவார். புதுத்தேர் செய்தால் சுவாமியை எழுந்தருளப் பண்ணுமுன் வெள்ளோட்டம் விடுகிறோம். வீதி மூலையில் திரும்பும்போதுதான் அச்சின் பிழை தெரியும். யாழ்ப்பாணத்து அரங்கில் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானோர் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி பட்டறைகளையும் அரங்க விளையாட்டுகளையும் பழக்கியது. பார்வையாளரே மேடையேறி முடிவை மாற்றும் அரங்கும் இங்கே அறியப்பட்டதுதான். பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். அதைப் படிக்கும் மாணவரிடம், ஆட்டத்தை நடத்தத் தேவையான குரலும் காதும் ஏற்கெனவே பாதி இருக்கின்றன.

பெற்றோரின் எதிர்ப்பு வேறு. ரியூசனுக்குப் போக வேண்டிய நேரத்தில் விளையாட்டா என்பார்கள். சோதனைக்கு நிற்கும் பிள்ளையின் நேரம் உண்மையிலேயே குறுகியது. அதனால்தான் வாராவாரம் என்று நான் கேட்கவில்லை, விடுமுறையில் ஒரு நாள் கேட்கிறேன். பகடை சூதுக்கு வழி என்போருக்கு, இங்கே பணயம் இல்லை என்பதே பதில். ஆனால் ஓர் எதிர்ப்பை இலகுவாகக் கடக்க முடியாது. போரின்போது, 1995 ஒக்ரோபர் 30இல், இந்த வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அதை நேரில் கண்டவர்கள் இன்றைய இளையோரின் தாய் தகப்பன்மார். இந்த மண்ணில் தாக்குதலையும் தப்பியோடுதலையும் விளையாட்டாக்கலாமா? சிலவற்றை ஆக்கக்கூடாது, எவை அவை என்று எழுதுபவர் தனியே இருந்து முடிவு செய்யவும் கூடாது. திரும்பி வந்து கிணறு இறைப்பதும், எல்லை தெரியாமல் போன காணிக்கு வேலி அடைப்பதும் கதையாகலாம். அதிலும் எந்தச் சொல் யாரைச் சுடும் என்பது ஆடிப் பார்க்கும்போதுதான் தெரியும். நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் ஸ்டாவ்ரோபுலொஸ் பரவலாக்கிய ஒரு முறை இதற்கு உதவும். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு மட்டையை வைப்பார்கள். யாராவது அதைத் தொட்டால் அப்போது நடப்பது அங்கேயே விடப்படும், காரணம் கேட்கக்கூடாது. வெள்ளோட்டத்தில் அந்த மட்டை தொடப்பட்ட இடங்களை எழுதியவர் குறித்துக்கொண்டு, அடுத்த பிரதியில் மாற்ற வேண்டும்.

செலவு பெரிதில்லை. நாலைந்து மேசை, போட்டோப் பிரதி, பென்சில், ஆறுமுகப் பகடை, பின்னேரத் தேத்தண்ணீர். பாடசாலை விடுமுறை தொடங்குமுன் சனசமூக நிலைய நிர்வாகம் ஓர் அறிவித்தல் ஒட்டட்டும்: கையெழுத்துப் பிரதியோடு வரும் எவருக்கும் ஒரு மேசை, நான்கு மணி நேரம். ஒவ்வொரு மேசைக்கும் ஐந்து பேர், அவர்களில் இருவராவது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். எழுதியவர் நடத்தக்கூடாது. இரண்டு மூன்று தடவை இப்படித் திருத்தித் தேறிய ஆட்டங்களுக்கு, யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் ஒரு கூடம் கேட்கலாம். அச்சகத்துக்கு விலை கேட்டு எழுதுவது அதற்குப் பிறகு.