ஆண்மை எனும் வாய்ப்பூட்டு



தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்வண்டியின் நெரிசலிலே ஓர் இளைஞன் இழிசெயலுக்கு ஆளானால், வாய்விட்டுக் கூவுவானா? மாட்டான். கூவினால், "ஆம்பிளைக்கு என்னடா ஆகிவிட்டது?" எனக் கைகொட்டிச் சிரிக்குமே இச்சமுதாயம்!

"கற்பழிப்பு" என்னும் சொல்லைப் பாருங்கள். அழிந்தது கற்பாம், காயம்பட்டது மனிதன் அல்லவாம்! ஆணுக்குக் கற்பை விதிக்கவில்லை. ஆகவே அவனுக்கு இழைத்தது குற்றமும் இல்லையாம். என்னே வாதம்!

2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்விலே, பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறிய சிறார்களில் 52.94 விழுக்காட்டினர் ஆண்பிள்ளைகள். பெரும்பாலான சிறார்கள் அதுவரை எவரிடமும் வாய்திறக்கவில்லை.

சட்டம் காக்கிறதா? 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, விரும்பி இணைந்தோரையும் வன்கொடுமையாளரையும் ஒரே கயிற்றில் கட்டிற்று. 2018இல் உச்சநீதிமன்றம் முன்னவரை விடுவித்தது; பின்னவருக்கு அப்பிரிவை நிறுத்திவைத்தது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, அப்பிரிவையே அறவே அகற்றிற்று! அதன் 63ஆம் பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராக ஏற்கிறது. பதினெட்டு நிறையும்வரை போக்சோ காக்கும். நிறைந்துவிட்டால் அடிதடி, அடைத்துவைத்தல் எனும் பிரிவுகளே கதி!

பெண்ணுக்குள்ள காப்பில் ஓர் இழையும் குறைய வேண்டாம். ஆணுக்கும் திருநருக்கும் தனிப்பிரிவு வேண்டும்.

ஆண்மை எனும் கருத்து ஒழியாமல் பெண் விடுதலை பெறாள் என வாதிட்டார் பெரியார். அந்த ஆண்மைதான் ஆணின் வாயையும் பூட்டியிருக்கிறது. பூட்டை உடைப்போம், வாரீர்!