வாட் கணக்கும் காது கணக்கும்

கல்யாண ரிசப்ஷனில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கக்கூட அவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டியிருக்கிறது. உடனே எல்லோரும் பாட்டுக் கச்சேரிக்காரர்களைத் திட்டுகிறோம். என் கட்சி வேறு. பாடுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் மேடையில் ஒழுங்காக ஒரு மானிட்டர் வைக்காதவர்களைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

மானிட்டர் என்றால் நம்மில் பலருக்கு, வகுப்பில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பையன்தான் நினைவுக்கு வருவான். இது வேறு. மேடையில் பாடகரின் காலடியில், அவர் முகத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி. சபாக் கச்சேரியில் வித்வான் ஆலாபனைக்கு நடுவில் விரலை மேலே காட்டி, "மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்க" என்பாரே, அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ரெத்தூர்' என்கிறார்கள். திரும்பி வருவது என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் சொல்லவில்லை, வேலையைச் சரியாகச் சொல்லும் பெயர் அதுதான். தான் வாசித்தது தனக்கே திரும்பி வர வேண்டும்.

அது வராவிட்டால் நடப்பது இது. கிடார்காரனுக்குத் தன் வாசிப்பு கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டுகிறான். பாடகிக்குத் தன் சுருதி கேட்கவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார். டிரம்ஸ்காரர் இருவரையும் மிஞ்ச அடிக்கிறார். மேடைச் சத்தத்துக்கு மேலே குரல் தெரிய வேண்டுமே என்று மைக் செட்காரர் மண்டபத்து ஸ்பீக்கரை ஏற்றுகிறார். அந்தச் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து 'கூ...' என்று ஊளையிடுகிறது. இந்த ஊளைக்குப் பிரெஞ்சில் 'லார்சன்' என்று பெயர், அதை ஆராய்ந்த டேனிஷ் விஞ்ஞானியின் பெயர்தான். ஆக, பந்தியில் இருக்கும் நம் காது போவதற்குக் காரணம் மேடையின் செவிட்டுத்தனம்.

மைக்கே இல்லாத காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நாடக சபை நடத்தவில்லையா என்று கேட்பீர்கள். அன்று ஆர்மோனியம் நடிகருக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டிக்கு டிரம்ஸும் இல்லை, கீபோர்டும் இல்லை. பெரிய கூட்டம் வந்ததும் கதை மாறியது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் வாசித்தபோது, ரசிகர் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு? என் பேரன் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறான். கையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் நடுக் கச்சேரியில் படுத்துவிட்டால் சமாளிக்க, ஸ்பேராக ஒரு மானிட்டர் வாங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற ஆளெல்லாம் ஒரே ஆலோசனைதான் சொல்கிறார்கள்: "வாங்குறதுதான் வாங்குற, 15 இன்ச்சா, ஆயிரம் வாட்டா வாங்கு." டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்து நம்மை மயக்கிய காலம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் பெட்டிக்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே மாதிரியான ஸ்பீக்கர் என்றால், திறந்த வெளியில், ஒன்றரை மீட்டரில் உள்ள 50 வாட்டும் ஆறு மீட்டர் தள்ளி உள்ள 800 வாட்டும் காதுக்கு ஒன்றுதான். ஆயிரம் வாட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, சின்னப் பெட்டியைக் காலடியில் வைத்துக் காதைப் பார்த்துத் திருப்பி வைப்பது புத்திசாலித்தனம்.

ஸ்பேர் என்றால் இன்னொன்றும் உண்டு. அது கூடவே வர வேண்டும். டூவீலரில் ஏறாத பெட்டி வீட்டில்தான் கிடக்கும்; ஆம்ப்ளிஃபயர் படுப்பது உசிலம்பட்டியில். ஆகவே 10 அல்லது 12 இன்ச், ஒரு கையால் தூக்கும் கனம், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ரகம். கிடாருக்கென்று தயாராகும் ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயியை மழுக்கிவிடும்; பெடல்போர்டிலிருந்து நேராக வாசிக்க, பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்கிற முழு வீச்சுப் பெட்டியே நல்லது. பின்னால் எக்ஸ்.எல்.ஆர். அவுட் இருந்தால் அதே ஒலியை மைக் செட்காரருக்குக் கொடுத்துவிடலாம். உர்ர் என்ற இரைச்சலைத் துண்டிக்க ஒரு கிரவுண்ட் ஸ்விட்ச் அவசியம். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் அதன் அருமை தெரியும். கடையில் சோதிக்கும்போது கடைக்காரர் போடும் சினிமாப் பாட்டைக் கேட்டு மயங்காமல், சொந்த கிடாரை மாட்டி வாசித்துப் பார்க்க வேண்டும். கூட ஒருவர் மைக்கில் பேசட்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். சாதாரண கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்துச் சத்தத்தை அதிகம் வாங்காது. எனவே மைக்கின் முதுகுக்கு நேரே மானிட்டர் இருந்தால் ஊளை குறையும். மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தால் பாஸ் பெருத்து எல்லாவற்றையும் மூடிவிடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸின் மின் மாண்டலினைப் போலக் கெட்டி உடம்புள்ள வாத்தியத்துக்குத் தொல்லை குறைவு. துளையுள்ள அக்கூஸ்டிக் கிடாருக்கு அந்தத் துளையை மூட ஒரு ரப்பர் மூடி போதும், பெரிய செலவில்லை.

"காதுக்குள்ளேயே மாட்டுகிற மானிட்டர் வந்துவிட்டதே தாத்தா" என்கிறான் அவன். வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒயர்லெஸ், பாட்டரி, அதற்கென்று தனியாக ஒலி கலந்து தர ஓர் ஆள் என்று கெட்டுப்போக மூன்று இடங்கள். ஸ்பேர் சாமான் கெட்டுப்போக வழி குறைந்ததாக இருக்க வேண்டும். அதையும் உச்சத்தில் வைத்துக் கேட்டால் காதுக்கு ஆபத்து ஒன்றுதான்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. தொழிலாளர் காதைக் காக்க அமெரிக்காவில் வகுத்த ஒரு வரம்பு உண்டு: 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். நம் ரிசப்ஷன் கச்சேரி மூன்று மணி நேரம். கச்சேரி முடிந்து வந்த இரவுகளில் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்று இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஆயிரம் வாட் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மைக் செட்காரரே மானிட்டர் தருவாரே" என்பது கடைசி வாதம். தருவார், பாடகருக்கு முன்னால் ஒன்று. பின்வரிசையில் நிற்கும் கிடார்காரனுக்கு அது சரியாக எட்டாது. பூ அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் அள்ளிவிடும் கல்யாண வீட்டார், இன்னும் இரண்டு மானிட்டருக்கு வாடகை கேட்டால் "அதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். அடுத்த முறை யாராவது கச்சேரி புக் பண்ணப் போனால், குழுவுக்கு எத்தனை பேர் என்று கேட்கும்போதே மானிட்டர் எத்தனை என்றும் கேளுங்கள். இவனுக்கு 10 இன்ச் பெட்டி ஒன்று பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கிடாரோடு கடைக்குப் போகிறோம்.