எண்ணிக்கையா, வாசிப்பா?



1999-இல் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால், படித்த நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டே வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் பிரித்தோம். பிழை அங்கேதான் தொடங்கியது.

கிள்ளானில் இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் முன்னாள் மாணவி சொன்னாள்: "டீச்சர், பின்னட்டையைப் பார்த்து எழுதினாலே போதும்." அவள் பள்ளி வள மையத்தில் தமிழ் நூல்கள் ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லையாம். குறிப்பேடு போய் ஐன்ஸ் இணையப்பதிவு வந்துவிட்டது. நோய் மட்டும் போகவில்லை. படிக்காத நூல்களுக்குக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஆசிரியர்களே, நூறு தலைப்புகள் வேண்டா. ஒரு நூலைப் பற்றி மாணவரைப் பேச விடுங்கள். பெற்றோர்களே, தீபாவளிக்குத் துணியெடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் செல்கையில் தமிழ்நூல் ஒன்றும் வாங்குங்கள். படித்தபின் அதைப் பள்ளி வள மையத்துக்குக் கொடுங்கள். வெற்றுத்தட்டு பிள்ளைகளின் குற்றமன்று.