கெட்டுப்போன காலம் என்னும் கற்பிதம்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் கன்வென்ஷன் கூட்டங்களிலும் ஞாயிறு பிரசங்கங்களிலும் வீட்டு ஜெபங்களிலும் ஓயாமல் ஒலிக்கும் முறையீடு ஒன்று உண்டு. முன்னோர் காலத்தில் ஒழுக்கமும் தெய்வபயமும் நிலைத்திருந்தன என்றும், திரைப்படமும் தொலைக்காட்சியும் கைபேசியும் வந்தபின் அவை சிதைந்தன என்றும், நாளிதழைப் பிரித்தால் அதற்கான சான்று பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும் என்றும் அது கூறுகிறது. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய எண்ணம் அன்று. கலி முற்றிவிட்டது என்பவர்களும் இதையேதான் சொல்கின்றனர். ஆனால் கிறிஸ்தவர் வாயிலாக வரும்போது அது வேதத்தின் அதிகாரத்தைப் போர்த்திக்கொண்டு வருவதால், கிறிஸ்தவ நெறியின் அடிப்படையிலேயே அதை மறுக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றின் முன் நிற்க வலுவற்ற இந்த நம்பிக்கை திருச்சபையின் போதனைக்கும் மாறானது. அதைவிடக் கொடியதாக, பாதிக்கப்பட்டோரின் வாயை அடைக்கும் வேலையை அது நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

காலம் கெட்டுவிட்டது என்னும் இதே குற்றச்சாட்டு ஒருகாலத்தில் கிறிஸ்தவர்கள்மீதே சுமத்தப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். கி.பி. 410-இல் அலாரிக்கின் தலைமையில் விசிகோத்துகள் ரோமாபுரியைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களையும் பழைய ஒழுக்கங்களையும் கைவிட்டுக் கிறிஸ்தவம் என்னும் புதிய சமயத்தைத் தழுவியதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்று ரோமின் மரபுவாதிகள் தூற்றினர். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில், அதாவது இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபாவில், ஆயராக இருந்த அகுஸ்தினார் அதற்கு மறுமொழியாக 413-இல் தொடங்கி ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் எழுதி முடித்ததே 22 புத்தகங்கள் கொண்ட ‘கடவுளின் நகரம்’. அவர் கையாண்ட முறை கூர்மையானது. பழைய ரோம் ஒழுக்கத்தில் சிறந்திருந்தது என்பவர்களிடம், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ரோமின் சீரழிவை எழுதிவைத்த சல்லுஸ்தியுஸ் போன்ற ரோம வரலாற்றாசிரியர்களையே அவர் சாட்சிகளாக நிறுத்தினார். உடன்பிறந்தானைக் கொன்றவன் கையாலேயே அந்நகரம் நிறுவப்பட்டது என்பதையும், அண்டை இனத்துப் பெண்களைக் கவர்ந்து வந்தே அதன் முதல் குடும்பங்கள் அமைந்தன என்பதையும் அவர்களுடைய மரபிலிருந்தே எடுத்துக் காட்டினார். பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை என்பதே கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய சிந்தனையாளர்களுள் ஒருவர் தம் காலத்துப் புலம்பலுக்குத் தந்த விடையாகும். இன்றைய பிரசங்கியார் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அகுஸ்தினாரின் எதிர்வழக்காளர்கள் நின்ற இடத்தில் தாம் நிற்பதை உணர்வதில்லை.

ஆதிப்பாவம் என்னும் கோட்பாட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். மனித இனம் தன் தொடக்கத்திலேயே கடவுளை விட்டு விலகியதால், ஒவ்வொரு தலைமுறையும் தீமைக்குச் சாய்ந்த இயல்போடே பிறக்கிறது என்பது அதன் பொருள். இதை ஏற்பவர் தம் பாட்டனார் தலைமுறைக்கு மட்டும் விலக்கு அளிக்க இயலாது. முந்திய நாட்கள் இந்நாட்களைவிட நல்லவையாக இருந்தது ஏன் என்று கேட்பது ஞானமுள்ள கேள்வி அன்று எனப் பிரசங்கி நூலின் ஏழாம் அதிகாரம் நேராகவே கண்டிக்கிறது. கடைசி நாட்களில் கொடிய காலங்கள் வரும் எனப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பதைச் சிலர் மறுப்பாகக் காட்டலாம். ஆனால் எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளன்றே கடைசி நாட்கள் தொடங்கிவிட்டதாகப் பேதுரு அறிவித்ததை அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பவுலும் தாம் வருணிக்கும் தீயோரை விட்டு விலகும்படி தம் மாணவருக்கே கட்டளையிடுவதால், அத்தகையோர் அந்நாளிலேயே அருகில் இருந்தனர் என்பது தெளிவு. அந்தப் பகுதியைக் கைபேசி யுகத்துக்கான முன்னறிவிப்பாக மட்டும் வாசிப்பது, அதை எழுதியவர் தம் காலத்தைப் பற்றியே பேசினார் என்பதை மறைத்துவிடுகிறது.

செய்திகள் பெருகியிருப்பதைப் பாவம் பெருகியதற்கான அளவுகோலாகக் கொள்வதும் பிழையே. இந்தியாவில் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச்சட்டமான போக்சோ 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிறுவர்களுக்கு எதிரான பல கொடுமைகளுக்குச் சட்டத்தில் உரிய பெயர்கூட இல்லை. மனைவி பதினைந்து வயதைக் கடந்தவளாயின் அவள்மீது கணவன் நிகழ்த்தும் வன்முறை வன்புணர்ச்சி ஆகாது என்ற விதிவிலக்கு, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வயது வரம்பைப் பதினெட்டாக உயர்த்தும்வரை நீடித்தது. அதுவரை பதினாறு வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட சிறுமிக்கு நேர்ந்தது வன்புணர்ச்சி என்று குற்றப்பதிவேட்டிலும் நாளிதழிலும் இடம்பெறுவது அரிதாகவே இருந்தது. நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர்; தீங்கிழைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்களாகவோ அதன் நம்பிக்கைக்கு உரியவர்களாகவோ இருந்தனர். மலிவான இணையத்தோடு கூடிய கைபேசி இந்திய வீடுகளுக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது. கெட்டது காலம் என்று சொல்வதால் மாமாவும் வாத்தியாரும் அயல்வீட்டாரும் எளிதில் தப்பிவிடுகின்றனர்.

இருளில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்படி எபேசியர் நிருபம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. அக்கட்டளையை அச்சகத்தின் வழியே நிறைவேற்றியவர்களுள் ஒருவர், சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த இங்கிலாந்துப் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட். விக்டோரியா அரசியின் காலம் ஒழுக்கத்தின் உச்சமாக இன்றும் சிலரால் போற்றப்படுகிறது. அக்காலத்து இங்கிலாந்தில் ஒரு சிறுமி உடலுறவுக்குச் சட்டப்படி ஒப்புதல் தரக்கூடிய வயது பதின்மூன்றாக இருந்தது, அதை உயர்த்தும் மசோதாவோ நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கிடப்பில் போடப்பட்டது. 1885 ஜூலையில் ஸ்டெட் தம் ‘பால் மால் கெசட்’ இதழில் லண்டனின் சிறுமியர் வாணிபத்தைத் தொடர்ந்து வெளியிட்டபோது, முதல் எதிர்ப்பு விபசார விடுதிகளுக்கு எதிராக எழவில்லை. இதழ் ஆபாசமானது என்று நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. ரயில் நிலையக் கடைகளை நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் அதை விற்க மறுத்தது. இரட்சணிய சேனையினர் தெருவில் இறங்கி விற்றனர். சிறுமியை விலைக்கு வாங்க முடியும் என்பதை மெய்ப்பிக்கத் தாமே ஒரு சிறுமியை வாங்கச் செய்த ஸ்டெட்டின் முறை தவறானது. தந்தையின் சம்மதமின்றி அவளைக் கொண்டுசென்றதற்காக அவர் மூன்று மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். ஆயினும் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒப்புதல் வயது பதினாறாக உயர்ந்துவிட்டது. கெட்ட செய்தியை வெளியிட்டதால் நாட்டின் ஒழுக்கம் கெட்டுவிட்டதாக அன்று அலறியவர்கள், அச்செய்திக்குப் பொருளான சிறுமியரைப் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாதிருந்தவர்களே.

இவ்வாறு கண்டும் காணாதிருப்பதிலிருந்து திருச்சபையும் விலகி நின்றதில்லை. சிறாருக்குத் தீங்கிழைத்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றி மறைத்த அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் செயலை 2002 ஜனவரியில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதன் பேராயர் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலக நேர்ந்தது. குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றத்தை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்னும் உலகளாவிய விதியைப் போப் பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்தார். செய்தித்தாள் செய்த வேலையை மறைத்தோரே செய்திருந்தால் அந்த விதிக்கு இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திராது.

காலம் கெட்டுவிட்டது என்னும் நம்பிக்கை இழைக்கும் இன்னொரு கேடு, ஒழுக்கம் என்பதன் பரப்பையே அது சுருக்கிவிடுவதாகும். பெண்ணின் உடை, இளைஞரின் காதல், திரைப்பாடல், மது ஆகியவை அதன் பட்டியலில் இடம்பெறுகின்றன. சாதி அங்கே இடம்பெறுவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், பீடத்தை நோக்கிச் சேரும் இரண்டு கூடங்களும், வெள்ளாளர் தரப்பையும் நாடார் தரப்பையும் பிரித்துவைக்க இடையே ஒரு சுவரும் இருந்தன. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவரையொருவர் காணாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்ட அச்சுவரைப் பிரெஞ்சு இயேசு சபைக் குரு கௌசானல் 1910-இல் இடித்தார். அதை மீட்டுத்தரக் கோரி நீதிமன்றம் சென்றோர் தோற்றனர். திரைப்படமோ இணையமோ அண்டாத, ஜெபமாலை தவறாத காலம் அது. கால மாற்றம் ஒழுக்கத்தை அழிக்கிறது என்போர், அந்தச் சுவர் எந்தக் காலத்தின் படைப்பு என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பழமையின் அந்த மிச்சம் இன்னும் தீர்ந்துவிடவும் இல்லை. 2008-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரியதை ஒட்டி மூண்ட மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமகள் தேவை பத்தியில் ஆர்.சி. என்றும் சி.எஸ்.ஐ. என்றும் குறித்துவிட்டு அடுத்த சொல்லாகவே சாதியை எழுதுவதில் எந்தச் சபைக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. அதே நாளிதழின் திரைப்படப் பக்கத்தைக் கண்டு வருந்துவோர் இந்தப் பத்தியைத் தம் பிள்ளைகளுக்காகக் கவனமாக வாசிக்கின்றனர்.

இவ்வளவும் சொல்வதால் நவீனப் பண்பாடு குற்றமற்றது என்றோ, மானுடம் நாளுக்கு நாள் நல்லதாகிவருகிறது என்றோ ஆகிவிடாது. அதுவும் ஆதிப்பாவக் கோட்பாடு ஏற்காத கற்பனையே. ஆபாசக் காணொளியும் இணையச் சூதாட்டமும் இளையோரைச் சிதைப்பது உண்மை. ஆனால் காலத்தைப் பழிக்கும் மனப்போக்கு இத்தீமைகளையும்கூடச் சரியாக அடையாளம் காண உதவுவதில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊர்க்கூட்டம் அடித்துக் கொன்றது. காலம் கெட்டுக்கிடக்கிறது, எவரையும் நம்பாதே என்னும் எச்சரிக்கையைத்தான் அந்த வதந்தியும் சுமந்துவந்தது. அதைப் பகிர்ந்த ஒவ்வொருவரும் பிறர் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. உறுதிப்படுத்தாத செய்தியைப் பகிர்வதும் அக்கட்டளையை மீறுவதே எனப் பிரசங்க மேடைகள் கற்பிக்கத் தொடங்கியிருந்தால் அது நவீன ஊடகம் குறித்த உண்மையான ஒழுக்கப் போதனையாக இருந்திருக்கும். தொழில்நுட்பத்தைச் சபிப்பது எளிது. பகிர்ந்த விரலைப் பாவம் செய்த விரல் என்று சபையாரின் முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் துணிவு தேவைப்படுகிறது.

செய்தியை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்கு இயேசுவே முன்மாதிரி தந்திருக்கிறார். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்ததை லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரம் பதிவுசெய்கிறது. இறந்தோர் மற்றவர்களைவிடப் பாவிகளாக இருந்ததால்தான் அவ்வாறு நேர்ந்தது என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட இன்னொரு செய்தியைத் தாமே எடுத்துச் சொல்லி, செய்தி கொண்டுவந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார். யாரோ ஒருவரின் பாவத்தைக் காட்டும் சான்றாகச் செய்தியைப் பயன்படுத்துவதை அவர் அன்றே தடுத்துவிட்டார். அவ்வழியில் வாசிப்பவர், குழந்தை ஒன்று வதைக்கப்பட்ட செய்தி சனிக்கிழமை வந்தால், ஞாயிறன்று காலத்தின் கேட்டைப் பற்றிப் பேச மாட்டார்; தம் சபையின் ஞாயிறு பள்ளியிலோ விடுதியிலோ பாடகர் குழுவிலோ ஒரு பிள்ளைக்கு அவ்வாறு நேர்ந்தால் அது யாரிடம் சொல்லும், சொன்னால் யார் நம்புவார், குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்னும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு சபை மூப்பருக்கும் பொருந்தும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்பார்; அக்கேள்விகளுக்கு அந்த வாரமே விடை காணும்படி சபைக் குழுவைக் கூட்டவும் செய்வார்.