முகாம் படங்களில் இல்லாத தெரு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் என்றால் மலையடிவாரக் கிராமங்களுக்குத் தனி மவுசு. பின்னால் மலை, முன்னால் தென்னந்தோப்பு, நடுவே கோயில். முகாம் முடிந்து வரும் படங்களில் ஊர் அழகாகத்தான் இருக்கிறது. பல படங்களில் காலனி மட்டும் இருப்பதில்லை.

மதுரை மாவட்டம் எழுமலை அருகே இருக்கிறது உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பிறகு, தலித் குடியிருப்பைப் பிரித்து அங்கே ஒரு நீண்ட சுவர் எழுந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது அப்படியே நின்றது. அதற்குள் எத்தனை அதிகாரிகள், எத்தனை வேட்பாளர்கள் வந்து போயிருப்பார்கள்! சுவரின் மேல் மின்கம்பி போட்ட சேதி 2008-இல் வெளியே வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. போராட்டம் வலுக்கவே, அந்த ஆண்டு மே 6 அன்று சுவரின் ஒரு பகுதியை மட்டும் இடித்து நிர்வாகம் பாதை விட்டது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைக்க 2011 நவம்பர் வரை ஆனது.

சுவராவது கண்ணுக்குத் தெரியும். டீக்கடையில் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்றால் வெளியூர் ஆளுக்கு அது சுத்தமாகக்கூடத் தோன்றும். மேலத்தெரு வந்ததும் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தால், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துவிடுவோம். பொது இடத்தில் செருப்பு போடவோ சைக்கிள் ஓட்டவோ விடாமல் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு நடுவே, அது குறுகிய மனதின் இருப்பிடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் சொன்னது இதையெல்லாம் அறிந்துதான்.

முகாமுக்குப் போகும் மாணவர்களில் காலனியிலிருந்து படிக்க வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து ஒருநாள் ஊரைச் சுற்றி வரட்டும். பேருந்து எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் காலனிக்கு எப்போது வருகிறது, பிணத்தை எந்த வரப்பில் தூக்கிப் போகிறார்கள் என்று காலனிப் பெண்களிடமே கேட்கலாம்.

முகாம் அறிக்கையில் நட்ட மரக்கன்றுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் நகலை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கி வர வேண்டும்.