வெண்புள்ளியும் வீண்பழியும்



தோலில் தோன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி ஒரு குடும்பத்தின் அமைதி முழுவதையும் குலைத்துவிடுவதை நம் பங்குகளில் காண்கிறோம். அப்புள்ளி வலிப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, வலை இழுக்கும் கையின் வலிமையையோ, பாடம் படிக்கும் மாணவியின் அறிவையோ அது குறைப்பதில்லை. ஆயினும், வள்ளியாறு கடலோடு கலக்கும் கடியப்பட்டணமாயினும், உள்நாட்டுச் சிற்றூராயினும், மணப்பேச்சு நடக்கும் வீட்டில் அதை மறைப்பதற்குப் படும் பாடு கொஞ்சமன்று. முழுக்கைச் சட்டையால் மூடுவர். திருவிழாக் கூட்டத்திற்கும் மகளை அனுப்பாது வீட்டிலேயே இருத்துவர். மருத்துவரிடம் சென்றால் ஊரறிந்துவிடும் என்று அஞ்சி மாதங்களைக் கடத்துவர். இவ்வாறு இழக்கப்படும் காலமே இந்நோயில் பெரிய நட்டம். அஃது ஏன் என்பதை இம்மாதம் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். நம்மில் பலர் இதனை 'வெண்குஷ்டம்' என்று இன்றும் அழைக்கின்றனர். இப்பெயரே பாதித் துன்பத்திற்குக் காரணம். குட்டநோய் ஒரு நுண்ணுயிரியால் விளைவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் அதனைக் கண்டறிந்தார். வெண்புள்ளிக்கோ எந்தக் கிருமியும் காரணமன்று. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் உறங்கினாலும் அது பிறரைப் பற்றாது. குட்டநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறைவதேயில்லை. இதனை உணர்ந்தே தமிழ்நாடு அரசு 2010-இல் 'வெண்குஷ்டம்' என்னும் சொல்லை விலக்கி, 'வெண்புள்ளி' என்றே வழங்குமாறு ஆணையிட்டது. இவ்வாறு வேறுபடுத்திக் கூறுவதால் குட்டநோயுற்றோரை ஒதுக்கலாம் என்பது பொருளன்று. அந்நோயும் இன்று கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாவதே. கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்தில் அது ஒரு காரணமாக இருந்த நிலையும் 2019-இல் நீக்கப்பட்டது.

திருநூலை ஆதாரங்காட்டி இப்புள்ளியைத் தீட்டென்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தை இறுதிவரை வாசித்தல் நலம். தோல் நோய்களைப் பார்வையிட்டுத் தீர்ப்புக் கூறும் பொறுப்பு அக்காலக் குருக்களுக்கு இருந்தது. 38, 39-ஆம் வசனங்களில், ஆணின் தோலிலோ பெண்ணின் தோலிலோ தோன்றும் மங்கிய வெண்புள்ளிகள் தனியே எடுத்துக் கூறப்படுகின்றன. அத்தகையோர் தூய்மையானவர் என்பதே அங்குக் குருவின் தீர்ப்பு. பழைய மொழிபெயர்ப்புகளில் 'குஷ்டம்' என்று வந்த எபிரேயச் சொல், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையுங்கூடக் குறித்தது. இன்றைய மருத்துவம் கூறும் ஒரு தனி நோயின் பெயராக அதைக் கொள்ளுதல் பொருந்தாது.

அப்படியாயின் உடலில் நிகழ்வது யாது? நம் தோலுக்கு நிறந்தருவது மெலனின் என்னும் பொருள். அதனை உண்டாக்கும் நிற உயிரணுக்கள் தோலில் பரவியிருக்கின்றன. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கவேண்டிய உடலின் காவற்படை, எதிரியென்று மயங்கி இந்நிற உயிரணுக்களைத் தாக்கி அழிப்பதே வெண்புள்ளி. அழிந்த இடம் வெளுத்துப் போகிறது.

இம்மயக்கம் எவ்வாறு பரவுகிறது என்பதைச் சில புரதங்கள் நமக்குக் காட்டித் தருகின்றன. சிதைவுக்குள்ளாகும் நிற உயிரணு, வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 போன்ற அபாய அறிவிப்புகளை வெளியிடுகிறது. அதனால் தூண்டப்பட்டு வரும் 'டி' வெள்ளணுக்கள் இன்டர்பெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதனைப் பெற்ற மேற்றோல் உயிரணுக்கள், சி.எக்ஸ்.சி.எல். 9, சி.எக்ஸ்.சி.எல். 10 எனப் பெயரிடப்பட்ட அழைப்புப் புரதங்களை வெளிவிடுகின்றன. முட்டம் கலங்கரை விளக்கின் ஒளியைக் கண்டு வள்ளங்கள் கரையை நோக்கித் திரும்புவதுபோல, இவ்வழைப்பை உணர்ந்து மேலும் பல 'டி' வெள்ளணுக்கள் அவ்விடத்திற்கே வந்து குவிகின்றன. அவையும் இன்டர்பெரானைச் சுரக்க, அழைப்பு மேலும் வலுக்கிறது. புள்ளி விரிகிறது. இவற்றுள் பத்தாம் எண் புரதமே நோய் பரவுவதற்கு இன்றியமையாதது என்பதை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஜான் ஹாரிஸ் குழுவினர் 2014-இல் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் காட்டினர். நோய் பரவும் நிலையிலுள்ளவர்களின் தோலிலும் குருதியிலும் இப்புரதம் மிகுந்திருப்பதும் அறியப்பட்டுள்ளது.

இதிலிருந்து குடும்பங்கள் அறியவேண்டியவை சில உள. முதலாவது, இந்நோய் யாருடைய பாவத்தின் விளைவுமன்று; சாபமுமன்று; தாயின் கவனக்குறைவுமன்று. மீன் உண்ட நாளில் பாலோ தயிரோ சேர்த்தால் வெண்புள்ளி வரும் என்று நம் மூதாட்டியர் எச்சரிப்பதுண்டு. அதற்கு மருத்துவச் சான்று யாதுமில்லை. நாள்தோறும் மீன் உண்ணும் கடற்கரைக் குழந்தையிடமிருந்து அம்மீனைப் பறிப்பதால் சத்துக் குறையுமேயன்றிப் புள்ளி குறையாது. பரம்பரைக்கு இதில் ஓரளவு பங்குண்டு. ஆயினும் பெரும்பாலான நோயாளரின் பெற்றோருக்கு இந்நோய் இருப்பதில்லை. உலக மக்களில் நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பேர்வரை இதனையுடையர் என்பர். எனவே ஆயிரம் பேர் கொண்ட பங்கில் ஐவர் முதல் இருபதின்மர் வரை இருத்தல் இயல்பே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 20 வயதிற்கு முன்னரே, அதாவது படிப்பும் மணப்பேச்சும் முன்னிற்கும் பருவத்திலேயே, இது தொடங்குகிறது.

இரண்டாவது, காலத்தின் அருமை. அழைப்புப் புரதங்கள் மிகுந்து, புள்ளி விரியும் வேளையே போரை நிறுத்தவேண்டிய வேளை. நிற உயிரணுக்களின் ஒரு சேமிப்பு மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கிறது. சிகிச்சையால் நிறம் மீளும்போது பெரும்பாலும் அங்கிருந்தே சிறு சிறு புள்ளிகளாக மீள்கிறது. அச்சேமிப்பும் அழிந்து, புள்ளியிலுள்ள மயிரும் நரைத்துவிட்டால் நிறம் மீள்வது கடினம். முகத்தில் நிறம் எளிதில் மீளும். மயிரற்ற விரல்நுனிகளிலோ அரிதாகவே மீளும். ஆதலின் ஈராண்டு மறைத்து வைத்துவிட்டுப் பின்னர் மருத்துவரை நாடுதல் அறிவுடைமையாகாது.

மருத்துவர்கள் பூச்சு மருந்துகளையும், அளவிட்டுத் தரும் புற ஊதா ஒளியையும் பயன்படுத்துகின்றனர். நோய் அடங்கி நிற்கும்போது தோலொட்டுச் சிகிச்சையும் உண்டு. இன்டர்பெரானின் செய்தி உயிரணுவின் உள்ளே சென்று சேராதவாறு தடுக்கும் ரக்ஸோலிடினிப் என்னும் களிம்புக்கு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக, அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. புரதங்களைப் பற்றிய ஆய்வு தந்த நேரான பயன் இது. ஆயினும் தாக்கிய வெள்ளணுக்களில் சில, தோலிலேயே நினைவோடு தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தியபின் அதே இடத்தில் புள்ளி மீண்டும் தோன்றுவது இதனாற்றான். எனவே பொறுமை வேண்டும். மருத்துவரின் சொற்படி நடத்தலும் வேண்டும்.

எச்சரிக்கைகளும் சில உள. நோயைக் கண்டறிய இப்புரதங்களுக்கான குருதிச் சோதனை தேவையில்லை. தோல் மருத்துவர் கண்ணாலும், உட்ஸ் விளக்கு என்னும் ஊதா ஒளியாலும் அறிந்துகொள்வார். கார்போக அரிசி பழைய மருந்தே. ஆனால் அதிலுள்ள சோரலென் தோலை வெயிலுக்கு இளகச் செய்வது. தாமாகவே அதை அரைத்துப் பூசிக்கொண்டு நண்பகலில் கடற்கரை மணலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். வெளுத்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் ஆற்றல் குறைவாதலால், கடற்றொழில் செய்வோர் அதனைத் துணியால் மூடிக்கொள்ளுதல் நன்று. கீறலும் இடையறாத உராய்வும் பட்ட இடங்களில் புதிய புள்ளி தோன்றக்கூடும். இடுப்பில் இறுக்கிக் கட்டும் கயிற்றையும் சற்றுத் தளர்த்துக. ஒட்டுப் பொட்டின் பசையாலும், ரப்பர் செருப்பிலுள்ள சில இரசாயனங்களாலும் சிலருக்குத் தோல் வெளுப்பதுண்டு. அவ்வாறாயின் அப்பொருளை உடனே விலக்குக. வெண்புள்ளியுள்ளோர் சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்திருக்கும்; அதனைச் சோதித்துக்கொள்வது நலம்.

இறுதியாகத் திருமணம். திருச்சபைச் சட்டம் கூறும் மணத்தடைகளுள் வெண்புள்ளி இல்லை. சட்டத்தில் இல்லாத தடையை நம் திண்ணைகளில் நாமே இயற்றிக்கொண்டோம். பெண்ணுக்குப் புள்ளி என்றால் பேச்சு முறிகிறது. ஆணுக்கென்றால் சீதனத்தில் சிறிது குறைத்துப் பேச்சு முடிகிறது. இஃது எவ்வகை நீதி? மறைத்து முடிக்கும் மணத்தையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். மணத்திற்கு முன்னரே உள்ளதை உள்ளபடி கூறுங்கள்; கேட்பவரும் அதனைக் குறையாகக் கருதாது கேளுங்கள். பெற்றோர் தயங்கினாலும், தாமாகவே உண்மையைச் சொல்லும் துணிவு இளைஞருக்கு வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு பிள்ளைக்குப் புதிதாக வெண்புள்ளி கண்டிருப்பின், இம்மாதமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ, தகுதிபெற்ற வேறொரு தோல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். தனியே அனுப்பவேண்டாம்; உடன் செல்லுங்கள். அடுத்த ஞாயிறு அப்பிள்ளை பூசைக்கு வரட்டும். வழக்கம்போல் உங்கள் அருகிலேயே அமரட்டும்.